வெள்ளைப்பூ வண்டி

"இந்த ரெண்டுல எது எங்கூட்டு ஆளத் திருப்பிக் கொண்டாந்து என் வாசல்ல நிறுத்தும்? நீ சொல்லு பாக்கலாம்."

ஆண்டாள் அத்தை இப்படிக் கேட்டபோது கோகிலவாணி பில் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பட்டறை வாசலில், புளியமரத்து நிழலில், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று கறுப்பு, முன்னூற்றைம்பது சிசி. பெரிய டேங்க்கும் அகலமான சீட்டுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மற்றது சாம்பல் நிறம், நூற்றைம்பது சிசி. தலைமையாசிரியர் ஒருவர் பத்து வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓட்டியது. அத்தை விளையாட்டாகத்தான் கேட்டாள். கோகிலவாணிக்குப் பதில் தெரியும். தெரிந்தும், "தெரியல அத்தே" என்று பில் புத்தகத்தைப் பார்த்தே சொன்னாள். மூன்றடி தள்ளி அவள் அப்பா காசிநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தியாகதுருகத்தில் காசிநாதன் பட்டறை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். கோகிலவாணி பதினோராம் வகுப்பில் பாதியில் நின்றவள். படிப்பு வராமல் இல்லை. டீச்சர் எழுப்பிக் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையோடு நின்றுவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்று போயிற்று. அம்மா கரும்பு வெட்டப் போய்விடுவாள். இவள் பட்டறையில் பில் எழுதினாள். நாலு வருஷத்தில், ரோட்டில் வரும்போதே எந்த வண்டிக்குச் செயின் தளர்ந்திருக்கிறது, எதற்கு வால்வு தட்டுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவளிடம் யாரும் கேட்பதில்லை. பேச்சுக்கு இழுப்பவள் ஆண்டாள் அத்தை ஒருத்திதான். எதிர் வீடு. தினம் ஒரு தரம் வந்து டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, தானே கேட்டு, தானே பதிலும் சொல்லி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிட்டுப் போவாள்.

அத்தையின் புருஷன் தெய்வசிகாமணி மாமா பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸை ஓட்டிப் போன சித்திரையில் ஓய்வு பெற்றவர். கச்சிராயபாளையம், பரிகம், வெள்ளிமலை. அப்புறம் வந்த வழியே கீழே. "முப்பத்தோரு வருசம் மலை ஏறியிருக்கேன், ஒரு நாளாவது அந்தாண்ட எறங்கியிருக்கேனா" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி, அவர் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள். ஓய்வு பெற்றதும், லடாக் வரைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போய்வருவது என்று முடிவு கட்டிவிட்டார். தனியாக. அத்தைக்குப் பதினைந்து வருஷமாக இளைப்பு. காற்று கம்மியாக இருக்கிற உயரத்துக்கு அவள் போகவே கூடாது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லியிருந்தார். "நீ போய்ப் பனியப் பாரு, நான் இங்க மாட்டப் பாத்துக்கினு கெடக்கறேன்" என்று அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

மாமா இரண்டு வாரம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். மலைப் பயணத்துக்கென்றே செய்த உயரமான வண்டிகள் இருந்தன. உட்கார்ந்து பார்த்தால் கால் தரைக்கு எட்டவில்லை. விலையைக் கேட்டால் கையும் எட்டவில்லை. அப்புறம்தான் காசிநாதனிடம் வந்தார். என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார். ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. நடுவழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். பங்க் இல்லாத காட்டில் பெட்ரோல் தாங்க வேண்டும். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துத்தான் கோளாறு தெரியும் என்கிற வண்டி வேண்டவே வேண்டாம். இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, கறுப்பு வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அதன் சத்தத்தைக் கேட்டார். அத்தோடு சரி. தான் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

அந்த வண்டியின் கதை கோகிலவாணிக்குத் தெரியும். ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவருடையது. கரியாலூருக்கு மேலே ஒரு வளைவில் பாறையில் மோதி, அவர் கை முறிந்து தப்பினார். வண்டிக்கு ஹேண்டில் பொருந்துகிற கழுத்தில், சேசிஸிலேயே, விரிசல். அப்பா அதை லேத்துக்கு எடுத்துப்போய் வெல்டு வைத்து, ராவி, பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்கிறவரை ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு நின்றவள் இவள்தான். "உள்ளூர்ல ஓட்டறதுக்கு இது ஜாஸ்தி" என்றார் அப்பா. அன்றைக்கு அது பொய்யில்லை. லடாக்குக்கு என்று ஒருவர் கேட்டு வருவார் என்று யார் கண்டார்கள்? ஆனால் கேட்டு வந்த பிறகும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் வண்டியில் ஒரு பழைய நட்டைக்கூட மாற்றிப் போடாத மனுஷர். ரிஷிவந்தியத்துக்காரருக்கு விற்றுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மாமாவோ தானாகவே வந்து அதன்மேல் ஆசைப்பட்டார். வெல்டு வைத்ததைச் சொன்னால் இனி இந்த ரோட்டில் எவன் பட்டறையை நம்புவான் என்ற பயமும் இருந்திருக்கும். அப்பா பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கோகிலவாணி கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

அத்தைக்குச் சின்ன வண்டிதான் பிடித்திருந்தது. இதில் போனால் ஆடு மேய்க்கப் போகிறான் என்று நினைப்பார்கள் என்றார் மாமா. நினைத்துவிட்டுப் போகட்டும், எழுபதுக்கு மேல் முறுக்கத் தெரியாத ஆளுக்கு இதுவே ஜாஸ்தி என்றாள் அத்தை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் அத்தை, மாரியாத்தாளிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். அதற்குமேல் மாமாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்தத் தெருவில் எது தீராவிட்டாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். கிணறு எந்த மூலையில் வெட்டுவது, பெண்ணை எந்த ஊருக்குக் கொடுப்பது, எல்லாமே. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். பூவரச இலையில் ஒரே அளவாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, கேட்க வேண்டியதைக் கேட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காததை யாரும் பிரிக்கக் கூடாது. அது அம்மன் வேண்டாமென்று தள்ளியது, கட்டியவளே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். கட்டுகிறவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும், பொய் பேசாதவளாகவும் இருக்க வேண்டும்.

"கோகிலா கட்டட்டும்" என்றாள் அத்தை. "அது வாயே தொறக்காது. அதுல பொய் எங்கேர்ந்து வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கூடையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. வெள்ளை, சின்ன வண்டிக்கு. சிவப்பு, கறுப்பு வண்டிக்கு. முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டையை வைத்து வாழைநாரால் கட்டினாள். இரண்டாவது இலையில் அரளியை வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெயிண்டுக்கு அடியில் இருக்கிற அந்தத் தழும்பு கண்முன் வந்தது. மலைச்சரிவில் வண்டி இறங்கும்போது முழுப் பாரமும் அந்தக் கழுத்தில்தான் இறங்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை அப்பாவை நடுத்தெருவில் நிறுத்திவிடும். அரளியை எடுத்து வேப்பம் சருகுக்கு அடியில் தள்ளினாள். அந்த இலையிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினாள்.

தெரியாமல் கை செய்துவிட்டது என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தெரிந்துதான் செய்தாள். இரண்டு பொட்டலமும் ஒரே கனமாக இருக்கிறதா என்று இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிக்கூடப் பார்த்தாள்.

பூசாரி முனியன் கற்பூரம் காட்டினார். ஆண்டாள் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய எதையோ வெகு நேரம் கேட்டாள். பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். மாமா கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். கோகிலவாணி மற்றதை எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அதுதான் அவளுக்கு எப்போதும் இருந்த வசதி.

அன்றைக்கு ஒரு நாள் மனசு லேசாக இருந்தது. மாமாவும் ஆசையை விட்டுவிட்டுச் சின்ன வண்டியோடு ஒட்டிக்கொண்டார். செயின் செட் புதிதாகப் போடச் சொன்னார். பழைய கிளச் கேபிளுக்குப் பக்கத்திலேயே புதுக் கேபிள் ஒன்றையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். அறுந்தால் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பின்னால் கேன் வைக்க இரும்புக் கேரியர். தெருவில் அதை வெள்ளைப்பூ வண்டி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நாலாம் நாள் அத்தை வந்து டயர் மேல் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் போறேன் கோகிலா."

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா அப்பிடிப் பாக்கற? ஆத்தாகிட்ட நான் இன்னா கேட்டேன்? எது நல்ல வண்டின்னா கேட்டேன்? எது எங்கள வூடு கொண்டாந்து சேக்கும்னு கேட்டேன். எங்களன்னுதான் வாயில வந்திச்சு. அவளும் வெள்ளப்பூவக் குடுத்துட்டா. அப்பறம் எனக்கு இன்னா கேடு?"

டாக்டர் சொன்னாரே என்று கேட்கக் கோகிலவாணி வாயெடுத்தாள். அத்தை அதற்கும் தானே பதில் வைத்திருந்தாள். வாயில் வைத்து அழுத்துகிற இன்ஹேலரைச் சாமி மாடத்தில் எடுத்து வைத்துவிட்டாளாம். ஆத்தா மேலும் நம்பிக்கை, அதன் மேலும் நம்பிக்கை என்று இரண்டு பக்கமும் கால் வைத்தால் அவளுக்குக் கோபம் வராதா என்றாள்.

மாமா முதலில் கத்திப் பார்த்தாராம். பிறகு பட்டறைக்கு வந்து காசிநாதனிடம் சொல்லி வருத்தப்பட்டார். "ஆத்தா சொல்லுக்குத்தான மச்சான் நான் கறுப்பு வண்டியவே வுட்டேன். இப்ப அதே சொல்ல இவ எடுத்துக்கினு வந்து நிக்கறா. நான் இன்னான்னு சொல்லித் தடுக்கறது?"

கோகிலவாணி பில் புத்தகத்தை மூடி வைத்தாள். அன்று சாயங்காலம் அத்தை வீட்டு வாசல் வரை போனாள். தயிர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் போய் அந்தக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் போவதற்குச் சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தை மாமாவின் பழைய யூனிபார்ம் சட்டையைப் பிடித்துத் தனக்குக் குளிருக்கு உள்சட்டையாகத் தைத்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மூட்டை முடிச்சு, இரண்டு ஆள், முழுப் பாரம். பின்னால் ஸ்கூட்டரில் அப்பாவும் டூல்ஸ் பையோடு கோகிலவாணியும் போனார்கள். பரிகம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவள் காது முன்னால் போகிற வண்டியிலேயே இருந்தது. இரண்டாவது கியரில், திணறாமல், ஒரே சீராக ஏறியது. ஒரு வளைவில்கூட மூச்சு வாங்கவில்லை. நல்ல வண்டி. தான் நினைத்தது சரிதான் என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

கரியாலூர் வந்ததும் மாமா ஓரம் கட்டினார். மூடுபனி மரவள்ளிக் கொல்லையின் மேல் இறங்கியிருந்தது. அத்தையால் காலைத் தூக்கி இறங்க முடியவில்லை. இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கி மதகுக் கட்டையில் உட்கார வைத்தார்கள். குளிர் காற்று முகத்திலேயே அடித்திருந்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். உதடு நிறம் மாறியிருந்தது. மாமா மூட்டையைக் குடைந்தார். இன்ஹேலர் வீட்டு மாடத்தில் இருந்தது. மாமா அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மருந்துக்கடையைத் தேடி வெள்ளிமலைப் பக்கம் வண்டியை விரட்டினார்.

கோகிலவாணி அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாது. பயப்படாத" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். "ஆத்தா சொல்லியிருக்கா."

"ஆத்தா சொல்லல அத்தே."

தன் குரல்தானா அது என்று கோகிலவாணிக்கே சந்தேகமாக இருந்தது. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூதான் கட்டினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாறையில் மோதியது, கழுத்தில் விரிசல், லேத்து, பெயிண்ட், வேப்பம் சருகுக்கு அடியில் தள்ளிய அரளி. அப்பாவைக் காட்டிக் கொடுக்க மனசு வராமல் செய்தது என்றும் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அத்தையின் மூச்சு உள்ளேயும் வெளியேயும் விசிலடித்துக்கொண்டிருந்தது. அத்தை பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, நான் அவ்ளோ நேரம் கேட்டேனே. அது அவ காதுல வுழவே இல்லியா?"

வெள்ளிமலைப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் வருகிறதா என்று கோகிலவாணி காது கொடுத்தாள்.

அத்தை, "அந்தக் கறுப்பு வண்டி எங்க இப்ப?" என்று கேட்டாள்.

"பட்டறையிலதான். சின்னசேலத்துலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு."

"அவன் பொண்டாட்டி எந்தக் கோயில்ல பூக்கட்டிப் பாப்பா?"

இதைக் கோகிலவாணி நினைத்தே பார்த்ததில்லை. ஒரு ஆளைக் காப்பாற்றினோம் என்று மட்டும் நினைத்திருந்தாள். வண்டி அங்கேயே நிற்கிறது, அடுத்த ஆளுக்காக. அடுத்த ஆளுக்கு எந்தப் பூவும் இல்லை. மதகில் உட்காரத் தோன்றியது. அத்தைக்குப் பக்கத்தில் உட்காரத் தைரியம் வரவில்லை.

மாமா வந்துவிட்டார். மருந்தை இரண்டு தரம் உறிஞ்சியதும் அத்தைக்கு முகம் தெளிந்தது. தலையைத் தூக்கி, "நீ போய்ட்டு வா. நான் வரல" என்றாள்.

"ஆத்தா சொன்னது?" என்றார் மாமா.

அத்தை கோகிலவாணியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். எல்லாம் இதோ வெளியே வரப்போகிறது என்று கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வண்டியத்தான சொன்னா. என்னயா சொன்னா?"

மாமா பெருமூச்சு விட்டு, ஆத்தாவுக்குத் தெரியும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கோகிலவாணிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வாழ்க்கையில் அம்மன் பேரைச் சொல்லி ஒரு பொய் சொல்லாத மனுஷியை, இன்று அப்பாவையும் தன்னையும் காப்பாற்றுவதற்காக, அதையும் சொல்ல வைத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். அத்தைக்கு எல்லாம் தெரியும் என்றும் சொன்னாள். அப்பா கை கழுவுகிற சொம்பைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா மாமாவுக்குக் குடுத்திருக்க மாட்டியாப்பா?"

அவர் சொம்புத் தண்ணீரை அப்படியே வாசலில் கொட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனார். மறுநாள் சின்னசேலத்துக்காரருக்குப் போன் போட்டு, வண்டி அடிபட்டது, விற்கவில்லை என்றார். கறுப்பு வண்டியின் ஹேண்டிலையும் ஃபோர்க்கையும் கழற்றித் தனியாக வைத்தார். கழுத்தில் இருந்த பெயிண்டைச் சுரண்டி வெல்டு தெரிகிற மாதிரி விட்டார். ரிஷிவந்தியத்துக்காரர் வந்து சத்தம் போட்டதை நின்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சில நாள் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை பட்டறைக்கு வருவது நின்றுவிட்டது. கோகிலவாணி தினமும் அந்த நேரத்துக்கு எதிர் வீட்டைப் பார்ப்பாள். திட்டுவதற்காவது வர மாட்டாளா என்றிருந்தது. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

ஆனி பிறந்து ஐந்தாம் நாள், காலை ஏழு மணிக்கு மாமா புறப்பட்டார். தெருவே கூடியிருந்தது. முனியன் வண்டிக்கு மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். காஷ்மீர் குங்குமப்பூ வாங்கி வா என்று ஒருத்தர், போகும் வழியில் பஸ் என்று நினைத்து ஆளை ஏற்றிவிடாதே என்று இன்னொருத்தர். மாமா எல்லாருக்கும் சிரித்தார். அத்தை ஆலம் சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தாள். மாத்திரை டப்பா எந்தப் பையில் இருக்கிறது, தினமும் எத்தனை மணிக்குப் போன் பண்ண வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. எலுமிச்சம்பழம் நசுங்கியது. கள்ளக்குறிச்சி ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. கோகிலவாணி அதைக் கடைசிவரை கேட்டாள். ஒரு குறையும் இல்லை.

கூட்டம் கலைந்தது. அவள் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அத்தை முச்சந்தியில் ஆலத்தைக் கொட்டிவிட்டு வெறும் தட்டோடு திரும்பி வந்தாள். வழி அந்தக் கம்பத்தை ஒட்டித்தான். கோகிலவாணி ஒரு அடி முன்னால் வந்து, "அத்தே" என்றாள். இந்தத் தரம் குரல் தொண்டையில் நிற்காமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

ஆண்டாள் நின்றாள். கோகிலவாணியின் முகத்தை, அதில் எதையோ தேடுகிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள். பிறகு தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, தன் வீட்டைப் பார்த்து நடந்து போனாள்.